நடை பழகிய பிள்ளையோடு நிலாவெளியில் அறை பிடிக்கிறவர்கள் விடும் பிழைகள்

ஆடி மாதம் பிறந்தால் எனக்கு வரும் அழைப்புகளில் முக்கால்வாசி ஒரே மாதிரித்தான் இருக்கும். "அண்ணை, பிள்ளைக்கு ஒன்றரை வயசு. கடலோட ஒட்டின ஹோட்டலாப் பாருங்கோ, ஸ்விம்மிங் பூலும் இருக்கோணும்." யாழ்ப்பாணத்தில் இருந்து வரும் அழைப்பும் இதுதான், வெள்ளவத்தையில் இருந்தும் இதுதான், ரொறன்ரோவில் இருந்தும் இதுதான்.

திருகோணமலைக் கரையில் உப்புவெளியில் இருந்து நிலாவெளி தாண்டி இறக்கண்டி வரைக்கும் குடும்பங்களுக்கு அறை ஒழுங்கு செய்து கொடுப்பது என் தொழில். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அந்த வயதைக் கடந்துதான் வந்தார்கள். அப்போது நாங்கள் செய்த கூத்துகளையே முதல்முறை வருகிறவர்கள் வரிசை பிசகாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தொப்பி எடு, பம்பர்ஸ் கூடக் கொண்டு வா, பால்மா மறக்காதே என்பதெல்லாம் எந்த அம்மம்மாவும் சொல்லுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் முதலில். இந்த வயதுப் பிள்ளையோடு வந்தால் பகலில் பாதி அறைக்குள்தான் போகும். காலை பத்து மணிக்குப் பிறகு நிலாவெளி மணலில் பிள்ளையின் கால் வைக்க முடியாது. பின்னேரம் நாலு மணிக்குத்தான் திரும்ப இறங்கலாம். நடுவில் தூக்கம், சோறு, அழுகை எல்லாம் நாலு சுவருக்குள். அதனால் ஹோட்டலின் பெயரையும் முகப்பையும் விட்டுவிட்டு, உங்களுக்குத் தரப்போகும் அந்த ஒரு அறையைப் பற்றி விசாரியுங்கள்.

தடாகத்துக்குக் கதவு திறக்கும் அறை

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரவைக்கும் பிழை. கூடுதல் காசு கொடுத்து விடுகிற பிழை என்பதால் இன்னும் எரிச்சல்.

கீழ்த்தள அறை. விறாந்தைக் கதவைத் திறந்தால் நேரே நீச்சல் தடாகம். படத்தில் அழகாகத்தான் இருக்கும். புதிதாகக் கலியாணம் செய்த சோடிக்கு நல்ல அறையும்கூட. அதே அறையை "பிள்ளை தண்ணியில விளையாடும்தானே" என்று சொல்லிக் குடும்பத்துக்கும் விற்கிறார்கள். சாதாரண அறையைவிடக் கூடக் கொடுத்து வாங்குகிறோம்.

அந்தக் கதவை ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி, பக்கவாட்டில் இழுத்துத் திறப்பது. கொளுக்கி பெரிய ஆளின் இடுப்பளவில் இருக்கும். இரண்டு வயதுப் பிள்ளை கையை உயர்த்தினால் எட்டிவிடும். எட்டாவிட்டால் கதிரையை இழுத்து வரும். கடற்காற்றில் துருப்பிடித்த கொளுக்கி சில இடங்களில் முழுதாக விழாது. பூட்டியது போலத் தெரியும், சுண்டுவிரலால் தள்ளினால் ஓடும். கீழே கதவு ஓடுகிற பள்ளத்தில் மணல் சேர்ந்திருந்தால் கடைசி இரண்டு அங்குலம் மூடவே மூடாது. வெளியே சின்ன விறாந்தை, இரண்டு பிளாஸ்டிக் கதிரை, ஈரத் துவாய் போடும் கொடி. அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் தண்ணி. தடாகத்தின் படிகள் அந்தப் பக்கமாக அமைந்திருந்தால் பிள்ளைக்கு அதுவும் இறங்கி நடக்கிற படிதான். பொழுதுபட்டதும் தண்ணிக்குள் நீல விளக்கு வேறு போட்டுக் கூப்பிடுவார்கள்.

பிள்ளை விழுந்தால் கத்தும், சத்தம் கேட்டு ஓடிப் போகலாம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மூச்சுக்கே வழியில்லாதபோது கத்துவதற்கு எங்கே போவது? பெரும்பாலும் சத்தமே வராது. உடம்புக்குத் தலை பாரமான வயது அது. குப்புற விழுந்தால் சில அங்குலத் தண்ணியிலேயே தானாக எழும்ப முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கையிலும் நீரில் மூழ்கி இறப்போர் வீதம் ஆகக் கூடுதலாக இருப்பது 1 முதல் 4 வயது வரையான பிள்ளைகளிடம்தான். கையில் மாட்டி ஊதும் வளையங்கள் விளையாட்டுச் சாமான்கள். அவற்றை நம்பிக் கண்ணை எடுக்க முடியாது.

சிட்னியில் இருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அங்கே வீட்டுக் கொல்லையில் இருக்கும் தடாகத்துக்குக்கூட வேலி போட வேண்டும், கேட் தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறதாம். அப்படிப்பட்டவர்கள் இங்கே, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், இணையத்தில் தாங்களாகவே தடாகக் கதவு அறையைப் பிடித்துக் காசும் கட்டிவிட்டார்கள். வந்த அன்று பின்னேரமே தகப்பன் போன் எடுத்தார். "அண்ணை, மேல எங்கயாவது மாத்தித் தரச் சொல்லிக் கேப்பமோ?"

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கதவுக்கு முன்னால் சூட்கேஸ், அதற்கு மேல் கதிரை, கதிரைக்கு மேல் தலகணி. தாய் குளிக்கப் போனால் தகப்பன் இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. தகப்பன் சாப்பாடு எடுக்கப் போனால் தாய் காவல். ஓகஸ்ட் மாதம், மேல்மாடியில் ஒரு அறையும் இல்லை. கட்டிய காசு திரும்பாத வகைப் பதிவு அது. இருந்த இரவெல்லாம் அந்தத் தாய் கதவோடு ஒட்டி நிலத்தில் மெத்தை போட்டுப் படுத்தார். கூடுதல் காசு கொடுத்தது இதற்குத்தான்.

உயிர்காப்பாளர் இருக்கிறார் என்று ஹோட்டலில் சொல்வார்கள். எத்தனை மணிவரை என்று கேளுங்கள். சிறுவர் தடாகம் தனியாக உண்டு என்பார்கள். பெரிய தடாகத்துக்கும் அதற்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பல இடங்களில் ஒரு கட்டுத்தான் இருக்கும், அதுவும் தண்ணிக்குக் கீழே.

நான் இப்போது செய்வது இதுதான். வரவேற்பில் நிற்கும் பிள்ளையிடம், "தம்பி, கட்டிலடியில தொடங்கித் தடாகம் வரைக்கும் நடந்து ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில அனுப்புங்கோ" என்று கேட்பேன். ஒரு நிமிட வேலை. கதவு, கொளுக்கி, படி, தூரம் எல்லாம் அதில் தெரிந்துவிடும். அனுப்பாமல் சாக்குச் சொன்னால் அதுவே பதில்.

மேல்மாடி என்றால் பாதுகாப்பு என்றும் உடனே முடிவெடுக்காதீர்கள். பால்கனிக் கம்பிகளுக்கு நடுவில் 10 சென்றிமீற்றருக்கு மேல் இடைவெளி இருந்தால் பிள்ளை நுழையும். கம்பிகள் கிடையாகப் போட்டிருந்தால் அது ஏணி. பால்கனியில் கிடக்கும் கதிரையை முதல் வேலையாக உள்ளே எடுத்து வையுங்கள். என்னைக் கேட்டால், கீழ்த்தளத்தில் பின்பக்கத் தோட்டம் பார்த்த அறைதான் சரி. கதவு தள்ளித் திறப்பதாக இருக்க வேண்டும், மேலே கொண்டி இருக்க வேண்டும். யாரும் விரும்பிக் கேட்பதில்லை என்பதால் விலையும் குறைவு.

கடல் தெரிகிற அறை

பிள்ளை கடலைப் பார்க்காது. முற்றத்துப் பூனையைத்தான் பார்க்கும்.

மாரியில் வந்து கடலைக் கேட்பது

டிசம்பரில் இங்கே பள்ளிக்கூட விடுமுறை, வெளிநாட்டில் நத்தார் விடுமுறை. எல்லாருக்கும் அப்போதுதான் தோதுப்படும். நிலாவெளியில் அறை விலையும் இறங்கியிருக்கும். ஏன் இறங்கியது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கிழக்குக் கரையின் கணக்கு தெற்கின் கணக்குக்கு நேர்மாறு. காலியிலும் ஹிக்கடுவையிலும் கடல் குமுறும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் இங்கே கடல் குளம் போலக் கிடக்கும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பினால் மழை. தை வரைக்கும் நம்ப முடியாது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் கரையேறியது திருகோணமலைக்குச் சற்று வடக்கேதான். புயல் இல்லாத ஆண்டிலும் மார்கழி அலை பெரிய ஆட்களையே புரட்டிவிடும்.

வேறு வழியில்லை, டிசம்பரில்தான் வர முடியும் என்றால் நிலாவெளியை விட்டுவிட்டுத் திருகோணமலைப் பட்டினத்துக்குள் அறை எடுங்கள். மழை விட்ட நேரத்தில் பிரெட்ரிக் கோட்டைக்குள் போனால் மான்கள் தெருவோரமாகவே மேயும். இரண்டு வயதுக்கு அதைவிடப் பெரிய காட்சி இல்லை. அப்படியே மேலே கோணேசர் கோவில். இன்னொரு நாள் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏழு கிணற்றிலும் ஏழு விதமான சூடு. பிள்ளைக்கு ஊற்றுவதற்கு முன் உங்கள் கையில் ஊற்றிப் பாருங்கள். நிலாவெளியில் இருந்து இதற்கெல்லாம் மழையில் வான் பிடித்து வந்து போவதற்குள் பிள்ளை சத்தியும் எடுத்து, தூங்கியும் விடும்.

"ஜெனரேட்டர் இருக்கு"

ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது மத்தியானம் வெளியே நிற்க முடியாது. அனல். அந்த நேரம்தான் பிள்ளையின் தூக்க நேரமும். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் எல்லா இடத்திலும் "ஜெனரேட்டர் இருக்கு" என்பார்கள். பொய் இல்லை. ஆனால் சின்ன இடங்களில் அது லைட்டுக்கும் ஃபேனுக்கும் வரவேற்பில் இருக்கும் பிரிட்ஜுக்கும் மட்டும்தான். அறையின் ஏசி ஓடுமா என்று தனியாகக் கேளுங்கள். ஓடாது என்றால் குறுக்குக் காற்று வரும் யன்னல் உள்ள அறையாக, நுளம்பு வலை உள்ளதாகப் பாருங்கள். கண்ணாடியால் நாலு பக்கமும் அடைத்த அறை ஏசி இல்லாமல் பத்து நிமிடம் தாங்காது.

ஏணைக்கு வளை தேடுவது

ஏணையில், அதாவது சேலைத் தொட்டிலில், பழகிய பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, கொங்கிறீற் தட்டுக்குக் கீழே அண்ணாந்து பார்த்தபடி நிற்கும் அம்மம்மாக்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். புதுக் கட்டிடங்களில் வளையும் இல்லை, கொளுக்கியும் இல்லை. ஃபேன் கொளுக்கியில் கட்டலாமா என்று கேட்டவர்களும் உண்டு. கூடாது. இரும்பு ஸ்டாண்ட் இருந்தால் வாகனத்தில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஹோட்டல்காரர் "பேபி கொட் இருக்கு" என்றால் அதன் படத்தைக் கேளுங்கள். ஒரு பக்கக் கம்பி கழன்ற பழைய தொட்டிலாகவும் இருக்கலாம். முழு ஹோட்டலுக்கும் ஒன்றே ஒன்றாகவும் இருக்கலாம். எனக்குப் பிடித்த வழி: கட்டிலின் ஒரு பக்கத்தைச் சுவரோடு நெருக்கிவிட்டு, மறுபக்கம் நிலத்தில் மேலதிக மெத்தை போடச் சொல்வது. உருண்டாலும் மெத்தையில்தான் விழும். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் மட்டும் கை நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது.

இரவுச் சாப்பாட்டோடு அறை எடுப்பது

புஃபே ஏழரைக்கு முன் திறக்காது. உங்கள் பிள்ளை ஏழு மணிக்குத் தூங்கிவிடும். அப்புறம் என்ன, ஒருவர் அறையில் காவல், மற்றவர் தனியாகப் போய்ச் சாப்பிட்டு வருவார், பிறகு ஆள் மாறும். இரண்டு பேருக்கும் கட்டிய காசு கட்டியதுதான்.

காலைச் சாப்பாட்டோடு மட்டும் எடுங்கள். பின்னேரம் ஆறு மணிக்கு உறைப்பில்லாத சோறும் பருப்பும், அல்லது இடியப்பமும் சொதியும் தர முடியுமா என்று முதலே கேட்டு வையுங்கள். உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தும் சின்ன விருந்தினர் விடுதிகளில் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள். குசினிக்குள் கூப்பிட்டு, "பிள்ளைக்கு எவ்வளவு உப்பு போடவேணும், நீங்களே பாருங்கோ அக்கா" என்பார்கள். பெரிய இடங்களில் வாசலில் சாப்பாட்டு நேரப் பலகையைக் காட்டுவார்கள். அறையில் சுடுதண்ணிக் கேத்தில் இருக்கிறதா என்பதும் இதே அழைப்பில் கேட்க வேண்டிய கேள்வி.

குழாய்த் தண்ணி

உவர். பாலுக்குப் போத்தல் தண்ணி.

புறாமலைக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்பது

புறாமலை கடலுக்குள் இருக்கும் ஒரு தீவு, 2003இல் தேசிய பூங்காவானது. நிலாவெளிக் கரையில் இருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். பார்க்க வேண்டிய இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே கரை முழுக்க உடைந்த முருகைக்கல் துண்டுகள், நிழல் கொஞ்சம், பம்பர்ஸ் மாற்ற வசதி கிடையாது. கண்ணாடி போட்டுத் தண்ணிக்குள் மீன் பார்க்கத்தான் அங்கே போவது. ஒன்றரை வயதுக்கு அது முடியாது. அதனால் ஒருவர் நீந்துவார், மற்றவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்பார். அங்கே படகு போகிறது என்பதற்காக மட்டும் இன்னும் வடக்கே தள்ளி அறை எடுத்துவிட்டு, மருந்துக் கடைக்கும் டொக்டருக்கும் பட்டினம்வரை 15 கிலோமீற்றர் ஓடுவதில் என்ன லாபம்? உப்புவெளியில் தங்கினால் பட்டினம் ஐந்தாறு கிலோமீற்றர்தான்.

பிள்ளையின் வயதைச் சொல்லாமல் பதிவது

சில இடங்களில் பிள்ளைகளை எடுப்பதே இல்லை. வாசலில் வந்து தெரிய வேண்டாம்.

இரவு ரயிலில் வந்து மத்தியானம்வரை நிற்பது

கொழும்புக் கோட்டையில் இரவு ரயில் ஏறினால் விடியப்புறம் திருகோணமலையில் இறக்கிவிடும். பிள்ளை ரயிலில் நன்றாகத் தூங்கும் என்று எல்லாரும் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அறை தருவது பகல் இரண்டு மணிக்கு. நடுவில் இருக்கும் அந்த நேரம் முழுக்க வரவேற்பறை சோபாவில், பொதிகளுக்கு நடுவில், தூக்கம் கெட்ட பிள்ளையோடு.

"வெள்ளன வந்தால் பாத்துத் தருவம்" என்ற வாக்கை சீசனில் நம்ப வேண்டாம். முதல் நாள் இரவுக்கும் சேர்த்தே அறையைப் பிடியுங்கள். ஒரு இரவுக் காசு கூடப் போகும்தான், தடாகக் கதவு அறைக்குக் கொடுக்க இருந்த மேலதிகக் காசை அங்கே போடுங்கள். பதியும்போதே, "இரவு வரமாட்டம், விடியத்தான் வருவம், அறையை வேற ஆருக்கும் குடுத்துப் போடாதேங்கோ" என்று சொல்லி, அதை வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பிவிடுங்கள். இரவு பத்து மணிக்கு ஆள் வராவிட்டால் வரவில்லை என்று எழுதி அறையை விற்றுவிடும் இடங்களும் இருக்கின்றன.