தமிழ்க் குரலுக்கு வாயசைவு: ரூபார்ப், ஓபன்டூன்ஸ் வழி

கார்ட்டூன் பாத்திரத்தை வரைந்தாகிவிட்டது, பேச வைப்பதுதான் பாக்கி என்றிருப்பவர்களுக்கு இது. ஓபன்டூன்ஸ் என்ற இலவச அனிமேஷன் மென்பொருளை நிறுவுவதை விளக்கப்போவதில்லை. இந்த வேலைக்குக் காசு கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையே இல்லை என்பது என் கட்சி.

முதலில் குரல். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது ஜன்னலோரம் பதிந்தால், காற்றுக்கும் சேர்த்து வாய் திறக்கும். உள்ளறையில் போர்வையைத் தொங்கவிட்டுப் பதியுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் வெட்டி வேவ் கோப்பாகச் சேமியுங்கள்.

அடுத்தது ரூபார்ப் லிப் சிங்க். எந்த நொடியில் எந்த வாய் என்று பட்டியல் தரும் இலவசக் கருவி. கட்டளை வரியில், அதாவது கட்டளையைத் தட்டச்சு செய்துதான் ஓட்ட வேண்டும். அப்படியே ஓட்டினால் ஆங்கிலம் என்று நினைத்துக் கேட்கும். ‘பஸ் வந்துவிட்டதா’ என்பதற்குள் ஆங்கிலச் சொற்களைத் தேடும். அறிதல் முறையை ‘ஃபொனெடிக்’ என்று மாற்றுங்கள். அது மொழியைப் பார்க்காது, ஒலியைத்தான் பார்க்கும். ஒரே மூச்சில் தமிழும் மலையாளமும் பேசும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதுவே சரி.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் வெளியீடு. கோப்பு வகை ‘டாட்’ (.dat). ரூபார்ப் வாய்களை ஏ, பி, சி என்று எழுத்தால் குறிக்கும். ஹன்னா-பார்பரா கார்ட்டூன் ஸ்டூடியோவிலிருந்து வந்த வழக்கம் அது. ஓபன்டூன்ஸ் எதிர்பார்ப்பதோ அனிமேஷன் கலைஞர் பிரெஸ்டன் பிளேர் வழியில் வந்த வாய்ப் பெயர்களை. அதற்கென்றே ரூபார்பில் ஒரு விருப்பம் இருக்கிறது. சேர்க்காவிட்டால் இரண்டும் பொருந்தாது. நொடிக்கு 24 படம் (ஃபிரேம்) என்பது ரூபார்பின் இயல்புக் கணக்கு. உங்கள் காட்சி 25 என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் 10 நொடி வசனம் முடிவதற்குள் வாய் குரலை 10 படம் முந்திவிடும்.

வாய்ப் படங்களை ஓபன்டூன்ஸில் ஒரே லெவலில் (ஓவியத் தொகுப்பில்) வரைந்து, டாட் கோப்பை ஏற்றி, எந்தப் பெயருக்கு எந்தப் படம் என்று பொருத்துங்கள். பிறகு கைத்திருத்தம். ‘அப்பா’, ‘அம்மா’ வரும் இடத்தில் மூடிய வாய் ஒரே ஒரு ஃபிரேமாக இருந்தால் கண்ணுக்குப் படாது. இரண்டு மூன்றாக நீட்டுங்கள். ழகரத்துக்குத் தனி வாய் வேண்டாம். நாக்கு உள்ளேதான் மடிகிறது.

பின்சேர்க்கை: வாட்ஸ்அப்பில் வந்த குரலை ரூபார்ப் ஏற்கவில்லை என்று நகரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அது ஓபஸ் வகை. ரூபார்ப் ஏற்பது வேவ், ஆக் வோர்பிஸ் இரண்டை மட்டுமே. விஎல்சியில் வேவாக மாற்றிக்கொண்டு ஓட்டுங்கள். கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.