கொட்டகையில் கிடக்கும் பத்மினியை ஓட வைப்பது எப்படி?

"நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிதான் சார், பேட்டரி போட்டால் கிளம்பிவிடும்." பழைய கார் விற்பவர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான வசனம் இது. அப்படியானால் அவர்களே ஒரு பேட்டரியைப் போட்டு ஓட்டிக் காட்டி இன்னும் கொஞ்சம் கூடுதலாக விலை கேட்டிருப்பார்கள். போகட்டும், அதை வைத்து வாதாட வேண்டாம். பழைய காரில் எஞ்சின் ஓடுகிறதா என்பது மூன்றாவது கேள்விதான். தகடு எப்படி, ஆவணம் எப்படி என்ற இரண்டும் அதற்கு முன்னால் வருகின்றன.

எந்தக் காரைத் தேடலாம்

முதல் முறை என்றால் என் பரிந்துரை பிரீமியர் பத்மினி. ஃபியட் 1100 என்ற இத்தாலிய வண்டியைப் பம்பாய் குர்லாவில் தயாரித்து, 1974 வாக்கில் பத்மினி என்று பெயர் சூட்டினார்கள். 1089 சிசி, நான்கு சிலிண்டர், கார்புரேட்டர், ஸ்டீயரிங்கை ஒட்டிய ஹேண்ட் கியர். கணினி எதுவும் இல்லாத எளிய இயந்திரம். மும்பையில் 2023 அக்டோபர் வரை டாக்ஸியாக ஓடியது என்பதால் பாகங்கள் இன்னும் அடியோடு வற்றிவிடவில்லை. நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதைவிட அழகு. ஆனால் அதன் பாகங்களுக்கு அலைந்தே கால் தேயும். இரண்டாவது காராக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தேடுவது

இணைய விளம்பரங்களில் வருபவற்றில் பாதி, தரகர் மேலே பெயிண்ட் அடித்துப் பளபளப்பாக்கியவை. அவற்றைவிட உங்கள் ஊரில் ஃபியட் வேலை பார்த்த வயதான மெக்கானிக் ஒருவரைப் பிடியுங்கள். எந்த டாக்டர் வீட்டு ஷெட்டில் எந்த வண்டி தார்ப்பாய்க்குக் கீழே தூங்குகிறது என்ற கணக்கு அவர் தலைக்குள் இருக்கும். வண்டி எப்போது நின்றது, ஏன் நின்றது என்பதும் அவருக்குத் தெரியும். பின்னால் வேலைக்கும் அவரே வேண்டும்.

முதலில் ஆவணம்

ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வாங்கிய பிறகே பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். எண் மங்கியிருந்தால் துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து தெளிவாக எழும்பி வரும். அடித்து மாற்றிய தடயம் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

அடுத்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகக் கணினியில் அந்த எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். MDU, TNK போன்ற பழைய வரிசை எண்கள் பல இன்னும் பேரேட்டிலேயே கிடக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றிய பிறகுதான் பெயர் மாற்றமே நடக்கும். விற்பவரிடம் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்க வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து வாரிசு தன் பெயருக்கு முதலில் மாற்றிக்கொள்ளட்டும். "மூன்று அண்ணன் தம்பிகள், எல்லோரும் சம்மதம்தான்" என்பார்கள். அது எழுத்தில் இருக்க வேண்டும். ஆர்.சி. 15 ஆண்டில் முடிந்து, அதன் பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கப்படுகிறது. எத்தனை காலமாகப் புதுப்பிக்கவில்லை, நிலுவை எவ்வளவு என்பதை விலை பேசும் முன்பே விசாரியுங்கள்.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 2021 முதல் 'VA' என்ற தனிப் பதிவு உண்டு. கண்காட்சிக்கும் பேரணிக்கும் அது சரி, ஆனால் அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் போக நினைப்பவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது.

துருவைப் பார்ப்பது

பத்மினிக்குத் தனி ஃப்ரேம் கிடையாது. உடல் தகடுதான் எல்லாவற்றையும் தாங்குகிறது. தகடு உளுத்துவிட்டால் கார் உளுத்துவிட்டது என்றே பொருள். ஒரு டார்ச், ஒரு ஸ்குரூ டிரைவர், துணி சுற்றிய சிறு காந்தம், கீழே விரிக்க ஒரு கோணி, இவ்வளவு போதும்.

காந்தத்தைக் கதவின் கீழ் ஓரத்திலும் சக்கர வளைவுகளிலும் நகர்த்துங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் தகட்டுக்குப் பதில், பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி இருக்கிறது. பிறகு மிதியடியைத் தூக்கி ஃப்ளோரை ஸ்குரூ டிரைவர் முனையால் குத்துங்கள். 'டங்' என்று கேட்டால் நல்லது. 'சொத்' என்று உள்ளே இறங்கினால், அங்கே புதுத் தகடு வெட்டி வைக்க வேண்டும். கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டித் தகடு, ஜாக்கி வைக்கும் இடம், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் இடம், டிக்கியில் ஸ்டெப்னி குழி, பேட்டரி தட்டு எல்லாவற்றையும் இப்படியே பாருங்கள். கடைசியாக, கதவைத் திறந்து மெல்லச் சாத்துங்கள். கீல் சரியாக இருந்தும் கதவு தொங்கினால், உடலே வளைந்திருக்கிறது. அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

வண்டி இந்தச் சோதனைகளைத் தாண்டி வந்துவிட்டால், தகடு வேலை பார்க்கும் டிங்கர் ஒருவரை அழைத்துப்போய் வேலைச் செலவைக் கேட்டுக்கொண்டு, அதன் பிறகே விலையைச் சொல்லுங்கள்.

முதல் ஸ்டார்ட்

வண்டியைக் கட்டி இழுக்காமல் லாரியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள். பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருக வேண்டும் என்று கை பரபரக்கும். பொறுங்கள். ஆண்டுக்கணக்கில் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் எஞ்சின் விடுபட்டுவிட்டது. சுற்றவில்லை என்றால் இன்னும் ஊறட்டும், பலம் காட்ட வேண்டாம்.

பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். வடிந்தது பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது, சிலிண்டர் மூடிக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். டாங்கில் உள்ள பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். அதைத் தொடாமல், சின்ன கேனில் புதுப் பெட்ரோல் வைத்து பம்புக்கு ஹோஸ் கொடுங்கள். பெட்ரோல் ஹோஸ் எல்லாமே புதிதாகட்டும். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இளக்கிவிடும், சூடான சைலன்ஸர் மேல் ஒழுகினால் தீதான். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே தொட்டுப் பிரியும் பாயிண்டை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, பிளக்கை வெளியே வைத்து ஸ்பார்க் பாருங்கள். நீலமாக வந்தால் பிளக்குகளை மாட்டிச் சாவியைத் திருகலாம். முதலில் புகை கக்கும், அது நீங்கள் பிளக் துளையில் விட்ட ஆயில்தான்.

பிரேக், டயர், பிறகு மற்றவை

எஞ்சின் ஓடிவிட்டது என்று தெருவுக்கு எடுத்துவிடாதீர்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்களின் ரப்பர், ஹோஸ்கள் எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். வண்டிக்கு அடியில் படுக்கும் முன் ஸ்டாண்ட் வைக்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. டயரில் பூ, அதாவது தேயாத வரிப்பள்ளம், எவ்வளவு இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2309 என்றால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அது ஓட்ட அல்ல, ஊஞ்சல் கட்டத்தான்.

வயரிங்கில் எலி கடித்ததை ஒட்டுப்போடாமல் முழுதாக மாற்றிவிடுங்கள். சென்னைக்காரர்கள் பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டையை ஒரு சுற்று சுற்றலாம். கிரில், பம்பர், கதவுக் கைப்பிடி போன்றவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரிஜினல் என்றால் மறு முலாம் பூசினால் போதும், புதிதாக வருபவை பொருந்துவதில்லை.

பெயிண்ட் கடைசி. டிங்கரிடம் துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கச் சொல்லுங்கள், மேலே பட்டி அப்பி மூட விடாதீர்கள். வேலை நடக்கும்போதே போய் நின்று, பிரைமர் அடிக்கும் முன் ஒவ்வொரு வெல்டிங்கையும் போட்டோ எடுத்துவையுங்கள். பட்டறைக்காரர் முறைப்பார், முறைத்தால் முறைக்கட்டும்.