மொன்டானா ரான்ச் நிலத்தில் வேட்டை: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் கடைசியில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ரைபிள் வேட்டை சீசன் தொடங்கிவிட்டால், ரான்ச் (பெரிய மாட்டுப்பண்ணை) நுழைவில் இருக்கும் பதிவுப் பெட்டியருகே புது முகங்கள் தென்படும். நாங்கள் அந்தக் காலத்தில் சொதப்பிய அதே இடத்தில்தான் இவர்களும் சொதப்புகிறார்கள். லைசென்ஸ் எடுக்க மறப்பது, ஆரஞ்சு அங்கி போடாமல் வருவது பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்கு விதிப்புத்தகம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். எல்க் என்ற பெரிய மானும் மற்ற மான்களும் பொதுச் சொத்து. அவை மேயும் நிலம் பெரும்பாலும் தனியாருடையது. இந்தச் சிக்கலுக்காகத்தான் 1985இல் பிளாக் மேனேஜ்மென்ட் திட்டம் வந்தது. தன் நிலத்தில் வேட்டையாட விடச் சம்மதித்து ரான்ச்காரர் தானாக விரும்பிச் சேர்கிறார், மாநில வனவிலங்குத் துறை அவருக்குப் பணம் தருகிறது, நமக்குச் செலவில்லை. பிடிக்காவிட்டால் அவர் விலகிக்கொள்ளலாம்.

ஈர மண்ணில் வண்டியை இறக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

கிழக்கு மொன்டானாவின் களிமண்ணை அங்கே 'கம்போ' என்பார்கள். காய்ந்தால் பாறை. மழை பெய்தாலோ பனி உருகினாலோ டயரில் அப்பிக்கொண்டு, சக்கரம் சுற்ற இடமில்லாமல் அடைத்துவிடும். நான்கு சக்கர இழுவை இருக்கிறதே என்று ஓட்டினால் கணுக்கால் ஆழத்துக்குத் தடம் விழும். இரவில் அது அப்படியே உறைந்துவிடும். குளிர்காலம் முழுக்க மாட்டுக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு அந்தத் தடத்தில் குலுங்கிப் போகிறவர் ரான்ச்காரர்தான், நாம் இல்லை.

ஒரு வருடம் இரண்டு இளைஞர்கள் நல்ல எல்க் ஒன்றை வீழ்த்தினார்கள். பாதையிலிருந்து ஒரு மைல் தூரம், மதிய வெயிலில் பனி உருகிக்கொண்டிருந்தது. பாதை ஈரமாக இருந்தால் வண்டி ஓட்டக்கூடாது, பாதையை விட்டு எப்போதுமே இறங்கக்கூடாது என்று விதித்தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது. இறங்கினார்கள். பிக்கப் அச்சு வரை புதைந்தது. சேஜ் புதரை வெட்டி டயருக்கடியில் போட்டுப் பார்த்தார்கள், பிறகு வேலிக்கம்பத்தையே பிடுங்கினார்கள். மறுநாள் காலை ரான்ச்காரர் டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டார். திட்டக்கூட இல்லை. அடுத்த வருடத் திட்டப் பட்டியலில் அந்த நிலம் இல்லை. அங்கே வருடக்கணக்காக ஒழுங்காக நடந்துகொண்ட எங்களுக்கும் சேர்த்துக் கதவு சாத்தப்பட்டது.

வண்டி எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் தூரத்தைக் கணக்கிட வேண்டும், அதுவும் சுடுவதற்கு முன்பே. பெரிய ஆண் எல்க்கின் பின்கால் ஒன்றே எலும்போடு முப்பது கிலோவை நெருங்கும். துண்டு போட்டு, எலும்பை எடுத்துவிட்டு, முதுகுப்பையில் பல நடை சுமக்க வேண்டும். முடியாதென்றால் சுடாதீர்கள். சில ரான்ச்களில் தரை உறைந்திருக்கும்போது வண்டியில் போய் எடுத்துவர விடுவார்கள். அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

டைப் 1, டைப் 2

இந்தத் திட்டத்தில் நிலம் இரண்டு வகை. டைப் 1 நிலத்தில் பெட்டியருகே நீங்களே எழுதிப் பதிந்துகொள்ளலாம். டைப் 2 நிலத்தில் அனுமதியை இன்னொருவர் தர வேண்டும். சில இடங்களுக்கு முன்பதிவும் உண்டு.

மூலை தாண்டுவது

சதுரங்கக் கட்டம்போல் அரசு நிலமும் தனியார் நிலமும் மாறி மாறி வரும் இடங்களில், தனியார் நிலத்தில் இறங்காமல் ஒரு அரசு நிலத்தின் மூலையிலிருந்து அடுத்த அரசு நிலத்தின் மூலைக்குக் கால் வைத்துப் போகலாமா என்பது பழைய சண்டை. வயோமிங்கின் எல்க் மலை வழக்கில் 2025 மார்ச்சில் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதைப் படித்துவிட்டு மொன்டானாவில் தாண்டுகிறார்கள். மொன்டானா வருவது ஒன்பதாவது வட்டார நீதிமன்றத்தின் கீழ். அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது.

காயம்பட்ட விலங்கு வேலி தாண்டினால்

பக்கத்து நிலக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

கேட்

திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி.

போன வருட வரைபடம்

போனில் சேமித்து வைத்ததை அழித்துவிடுங்கள். நிலங்கள் வருடா வருடம் சேரும், விலகும். புதிய பட்டியல் ஆகஸ்டில் வரும்.