புல்வெட்டி கறுப்புப் புகை விட்டால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள்

எஞ்சின் கறுப்புப் புகை கக்கி, அடர்ந்த புல்லில் திணறி நின்றது. தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை முழுக்க உலர்ந்த கரி. காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சுவதன் அடையாளம் இது. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்பரேட்டரில் கை வைக்குமுன் காகித ஃபில்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மடிப்புகளில் எண்ணெய் ஊறி, ஒளியே ஊடுருவவில்லை.

பிளேடைச் சுத்தம் செய்ய வண்டியைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் பக்கம் மேலே இருக்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் எஞ்சினின் ஆயில் இருக்கும் கிராங்க்கேஸிலிருந்து ஆயில், அதன் காற்றுப்போக்கியான பிரீதர் குழாய் வழியே ஃபில்டருக்கு வந்துவிடும். எண்ணெய் குடித்த காகிதம் தேறாது, புதிதுதான் போட வேண்டும். வெறும் தூசி என்றால் மெதுவாகத் தட்டினால் போதும். கம்ப்ரசர் காற்று அடித்தால் காகிதம் கிழியும்.

வாங்கும்போது எஞ்சினில் பொறித்த மாடல் எண்ணைச் சொல்லுங்கள். புல்வெட்டியின் பிராண்ட் மட்டும் போதாது. ஃபில்டரின் ஓர விளிம்பு சுற்றிலும் அழுந்தி உட்கார வேண்டும். சிறு இடைவெளி இருந்தாலும் மண்தூசி புகுந்து பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிடும். இதில் சமரசமே கூடாது.

காகிதம் இல்லாத தனி ஃபோம் (பஞ்சு போன்ற) ஃபில்டரை சோப்புக் கரைசலில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நன்றாக உலர்த்துங்கள். பிறகு எஞ்சின் ஆயிலில் நனைத்து, மிச்சத்தைப் பிழிந்துவிடுங்கள். காகிதத்தின்மேல் போர்த்தும் ஃபோமுக்குக் கையேடு சொன்னால் மட்டுமே ஆயில். 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். புழுதி நிலத்தில் இன்னும் முன்பே.