ஏரிக்கரைக்கு ஒரு கூட்டத்தைப் பறவை பார்க்க அழைத்துப் போவது எப்படி?

பறவை பார்க்கத் தெரிவது வேறு, பத்துப் பேருக்குக் காட்டத் தெரிவது வேறு. தெரிந்தவர்கள் சிலரை முதல்முறையாகக் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் பழக்கம் செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிகள்தான், அதனால் உதாரணமெல்லாம் அங்கிருந்தே வரும்.

1. இடம்

வேடந்தாங்கல் வேண்டாம். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பறவைகள் சரணாலயங்கள், 2022-இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் பட்டியல்) சேர்ந்த இடங்கள், கட்டாயம் பார்க்க வேண்டியவை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே புதியவர்களுக்கு எதையும் நிதானமாகக் காட்ட முடியாது. அங்கே கூடு கட்டும் நாரைகள் இரை தேட வருவதே சுற்றுவட்டாரத்துச் சாதாரண ஏரிகளுக்கும் வயல்களுக்கும்தான். அப்படி ஒரு ஊர் ஏரியைப் பிடியுங்கள்.

இந்தப் பக்கம் நிலம் கிழக்கே சரிவதால் ஏரிக்கரை பெரும்பாலும் கிழக்கில்தான் இருக்கும். காலையில் கரைமேல் நின்று தண்ணீரைப் பார்த்தால் வெயில் நம் முதுகில் விழும், பறவையின் நிறம் பளிச்சென்று தெரியும். திரும்பி நின்றால் கீழே ஆயக்கட்டு வயல், அதாவது ஏரித் தண்ணீர் பாயும் வயல். ஒரே இடத்தில் நீர்ப்பறவையும் வயல் பறவையும் கிடைத்துவிடும். மேற்குக் கரையில் போய் நின்றால் சூரியனைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான், எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஆறேகால் மணிக்குக் கரையில் இருங்கள், ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். முன்தினமே ஒருமுறை போய், தண்ணீர் இருக்கிறதா, கரையில் முள் வெட்டிப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிடுவது நல்லது.

2. ஆட்கள்

பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். முன்னால் நீங்கள், கடைசியில் விஷயம் தெரிந்த இன்னொருவர். வெள்ளைச் சட்டை வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தண்ணீர், தொப்பி எல்லாம் அவர்களே கொண்டு வருவார்கள்.

3. பைனாகுலர்

8x42 வாங்குங்கள் (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடி 42 மி.மீ. அகலம்). கடைக்காரர் 10x50-ஐக் காட்டி "இதில் இன்னும் கிட்டத்தில் தெரியும் சார்" என்பார். தெரியும், ஆனால் கை ஆடுவதும் பத்து மடங்கு தெரியும். பார்வைப் பரப்பும் பொதுவாகக் குறைவு, புதியவர்களால் பறவையைத் தேடிப் பிடிக்கவே முடியாது. கனமும் அதிகம்.

நடக்கத் தொடங்கும் முன் எல்லோரையும் நிறுத்தி இதைச் செய்ய வையுங்கள். இரண்டு குழலையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டம் ஒரே வட்டமாகத் தெரியும்படி வைக்க வேண்டும். அப்புறம் வலது பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இரண்டு கண்ணும் திறந்தபடியே, தூரத்தில் ஒரு பனையோலையைப் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். ஓலை நுனி தெளிவானதும் கையை இடது பக்கத்துக்கு மாற்றி, வலது கண் அருகே உள்ள வளையத்தை மட்டும் திருப்ப வேண்டும். அதற்குப் பிறகு அந்த வளையத்தைத் தொடவே கூடாது, எல்லாவற்றுக்கும் நடுச் சக்கரம்தான். "என்னுடையது மங்கலாகத்தான் இருக்கும் போல" என்று நினைத்துக்கொண்டு சும்மா நிற்பவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் இருப்பார்கள். பாதிப் பேருக்கு இந்த வளையத்தை யாருமே சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

4. "எங்கே? எங்கே?"

என்னை அதிகம் திணறடித்தது இதுதான். "அதோ அந்த மரத்தில்" என்று கையை நீட்டினால் பத்துப் பேர் பத்து மரத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் விளக்கி முடிப்பதற்குள் பனங்காடை பறந்து போயிருக்கும்.

கடிகார முறை எல்லோருக்கும் தெரியும், நேர் எதிரே பன்னிரண்டு மணி. சிக்கல் என்னவென்றால், "மூன்று மணி" என்றதும் பாதிப் பேர் தங்கள் வலப்பக்கம் திரும்புவார்கள், மீதிப் பேர் எதிரே இருக்கும் மரத்தையே கடிகாரமாக நினைத்து அதன் வலது கிளையைத் தேடுவார்கள். அதனால் நான் இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். திசைக்கு மணி கிடையாது, ஊர் அடையாளம் மட்டும்: மதகு, கலிங்கல் (ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழியும் இடம்), இரட்டைப் பனை, கரண்டுக் கம்பம். ஒவ்வொரு இடத்தில் நிற்கும்போதும் இவற்றை முதலில் காட்டிப் பெயர் சொல்லிவிட வேண்டும். மரத்துக்குள் தேடும்போது மட்டும் மணி. "மதகுக்கு வலப்பக்கம், தனியாக நிற்கும் வேலமரம், அதில் இரண்டு மணி, வெளிக்கிளை." பெரியதிலிருந்து சிறியதற்கு வர வேண்டும், பறவையின் பெயரைக் கடைசியில் சொல்லலாம்.

அடுத்தது, பறவையை வெறுங்கண்ணால் பிடித்த பிறகு பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் இடம் தவறிவிடும். எல்லோரும் பார்த்துவிட்டோம் என்று சொல்லும் வரை அடுத்த பறவைக்குப் போகாதீர்கள். இரண்டு மணி நேரத்தில் இரண்டு கிலோமீட்டர் நடந்தாலே அதிகம்.

5. எதைக் காட்டுவது

அபூர்வமானதைத் தேடி ஓடாதீர்கள். வரப்பில் மண் நிறத்தில் குறுகி நிற்கும் மடையானை (கொக்கு வகைதான்) முதலில் காட்டுங்கள். கண்ணுக்கே தென்படாமல் நிற்கும், எழுந்து பறந்தால் இறக்கை முழுக்க வெள்ளை. இதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நத்தைகுத்தி நாரை நின்றால், அலகை மூடியிருந்தாலும் நடுவில் சந்து தெரிவதைக் காட்டுங்கள் (குஞ்சுகளுக்கு அந்தச் சந்து இருக்காது). நாமக்கோழிக்கு நெற்றி வெள்ளை, தாழைக்கோழிக்குச் சிவப்பு. இப்படி ஜோடி ஜோடியாகக் காட்டினால் மனதில் நிற்கும். ஆள்காட்டிக் குருவி கத்தத் தொடங்கினால் அப்படியே நின்றுவிடுங்கள், அது அடங்கிய பிறகு நடக்கலாம்.

பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலி நல்லதுதான். இந்தியப் பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், ஏரிக்கரையில் சிக்னலை நம்ப முடியாது. அது குரலை வைத்துச் சொல்லும் பெயரைக் கண்ணால் பார்க்காமல் பட்டியலில் ஏற்றாதீர்கள். ஃபோனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது கூடவே கூடாது. தன் எல்லைக்குள் வேறொரு பறவை நுழைந்துவிட்டது என்று அது பதறி வரும்.

6. பட்டியல்

பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்ட் தளத்தில் ஒருவர் மட்டும் குறிக்கட்டும். முடிந்ததும் அந்தப் பட்டியலை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். ஆளுக்கொன்றாகத் தனித்தனியே ஏற்றினால் ஒரே நாரைக் கூட்டம் பன்னிரண்டு முறை பதிவாகும். பெரிய கூட்டத்தைப் பத்துப் பத்தாக எண்ணிக் கூட்டினால் போதும். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்புக்கும் இதே பழக்கம் உதவும்.

பின்சேர்க்கை: கண்ணாடி போட்டவர்களுக்கு வட்டத்தின் ஓரம் இருட்டாகத் தெரிகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கண் வைக்கும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிடுங்கள், சரியாகிவிடும்.

இன்னொரு வாசகி கேட்டது நான் எழுத மறந்த விஷயம்: கழிப்பறை. ஏரிக்கரையில் கிடையாது. வழியில் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க் ஒன்றை முன்தினமே பார்த்து வைத்து, ஐந்தே முக்காலுக்கு அங்கே எல்லோரையும் கூடச் சொல்லுங்கள், அங்கிருந்து சேர்ந்து கிளம்பலாம்.