பேஸ் வரும் என்று காத்திருக்காதீர்கள்

பாளையங்கோட்டையில் மைக் செட் வைத்திருக்கிறேன். கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாம் போவோம். ராத்திரி பெட்டிகளை இறக்கி வைத்த பிறகுதான் எனக்குப் பிடித்த மெட்டல் ராக் இசை. போன மாதம் மருமகன் கேட்டான்: “மாமா, மெட்டாலிகாவோட ஜஸ்டிஸ் மறுபதிப்பு வாங்கட்டுமா? இதுலயாவது பேஸ் கேக்குமா?”

கேக்காதுலே என்றேன்.

1988இல் வந்த ‘ஆண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில் ஜேசன் நியூஸ்டெட் வாசித்த, மந்த ஒலி தரும் பேஸ் கிட்டார் இருக்கும் இடமே தெரியாது. குழுவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக்தான் அதைக் குறைக்கச் சொன்னார் என்று மிக்ஸ் செய்த ஸ்டீவ் தாம்சனே பின்னாளில் பேட்டியில் சொன்னார். 2018இல் வந்த மறுபதிப்பு ரீமாஸ்டர் மட்டும்தான், ரீமிக்ஸ் இல்லை. வாங்குமுன் அட்டையில் ‘ரீமாஸ்டர்’ என்றிருக்கிறதா, ‘ரீமிக்ஸ்’ என்றிருக்கிறதா என்று பாருங்கள்.

வித்தியாசம் புரிய, கொடையில் நடக்கும் கணியான் கூத்துக்கு வாருங்கள். மகுடம் என்ற தோல் கருவி இரண்டு அடிப்பார்கள், ஒன்று உச்சம், ஒன்று மந்தம். தனித்தனி மைக் வைத்திருந்தால் மிக்சரில் மந்தத்தை மட்டும் ஏற்றலாம். அது மிக்ஸ். கொடை முடிந்து, எல்லாம் கலந்த ஒரே ரெக்கார்டிங்தான் கையில் இருக்கிறது என்றால்? பேஸ் குமிழைத் திருகினால் மந்தத்தோடு ஜெனரேட்டர் உறுமலும் சேர்ந்து ஏறும். மாஸ்டரிங்கின் எல்லை கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ரீமிக்ஸ் என்றால் உடனே நல்லது என்றும் எண்ண வேண்டாம். இன்னொரு மெட்டல் குழுவான மெகாடெத்தின் ‘ரஸ்ட் இன் பீஸ்’ 1990 ஆல்பம். 2004இல் ரீமிக்ஸ் செய்தபோது சில இடங்களில் அதன் பாடகர் டேவ் மஸ்டெய்ன் புதிதாகப் பாடிச் சேர்த்தார். பழசில் ஊறிய என் காதுக்கு அங்கெல்லாம் செருப்புக்குள் கல் கிடந்த மாதிரி.

சரி, பழைய சிடியையும் புதியதையும் ஒப்பிட வேண்டுமா? முதலில் வால்யூமைச் சமப்படுத்துங்கள். சத்தம் கூட இருப்பதுதான் நல்லது என்று காது எப்போதும் ஏமாறும். வாடகைக்கு வருகிறவர்களிடம் இருபது வருடமாக நான் பார்க்கும் வேடிக்கை இது. அப்புறம் ‘ஒன்’ பாட்டின் பின்பாதியில் டபுள் பேஸ் டிரம் மெஷின் கன் மாதிரி வெடிக்கும் இடத்தை வையுங்கள். ஒவ்வொரு உதையும் தனித்தனியாக விழுகிறதா, இல்லை கொழகொழவென்று ஒட்டிக்கொள்கிறதா? முதலில் ஹெட்போன், பிறகு ஸ்பீக்கர் பெட்டி. ஆம்ப்பில் பேஸை ஒரு கோடு ஏற்றலாம். அதற்கு மேல் போனால் கிக் டிரம்தான் வீங்கும், நியூஸ்டெட் வர மாட்டார்.

எனக்கு அவர் வரவும் வேண்டாம். திசையன்விளைப் பக்கம் செம்மணல் தேரிக்காட்டில் உச்சிப் பொழுதில் நின்றிருக்கிறீர்களா? ஒதுங்க நிழல் இருக்காது. மெட்டாலிகாவில் பாடி கிட்டாரும் வாசிக்கும் ஹெட்ஃபீல்டின் கிட்டார் இதில் அப்படித்தான் நிற்கிறது. அந்த வறட்சிக்காகவேதான் இன்னமும் இதைப் போடுகிறேன். நியூஸ்டெட்டுக்கு நடந்தது அநியாயம்தான், அது வேறு கணக்கு.

எல்பி, அதாவது பெரிய இசைத்தட்டு, வாங்கினால் இன்னொன்று. அறுபத்தைந்து நிமிடம், இரண்டு தட்டு. நம் ஊர் சித்திரை வெயிலில் மேற்குச் சுவரோரம் சாய்த்து வைத்தால் அப்பளமாக வளைந்துவிடும். செங்குத்தாக, உள் அறையில் நிறுத்துங்கள். மருமகன் எல்பிதான் வாங்கியிருக்கிறான். பிளேயர் இன்னும் வாங்கவில்லை.