ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ: மேடை ஏற்றும் முன் பார்க்க வேண்டியவை

கல்யாண ரிசப்ஷனில் இந்தப் பாட்டைக் கேட்டால், வேறொன்று பாடுகிறோம் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். இது விடைபெறும் பாட்டு. அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகி டாலி பார்ட்டன் 1967 முதல் போர்ட்டர் வேகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடிவந்தார். அங்கிருந்து பிரிந்து தனியாகப் போக முடிவெடுத்தபோது, வேகனருக்கு நன்றி சொல்லி விடைபெற 1973-ல் எழுதியது. 1974-ல் வெளியாகி அமெரிக்க கன்ட்ரி பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பெரம்பூரில் ஐ.சி.எஃப்., லோகோ, கேரேஜ் என்ற ரயில்வே தொழிற்சாலை ஆட்களின் ரிட்டயர்மென்ட் விழாதான் இதற்குப் பொருத்தமான மேடை.

எந்த வடிவத்தைப் பாடப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். டாலியின் வடிவத்தில் கிடார் மெதுவாகப் போகும், குரல் எங்கும் உரக்காது, மூன்றாவது சரணத்தைப் பாடாமல் பேசுவார். கிடார், பேஸ், ஒரு குரல் இருந்தால் போதும். லிண்டா ரான்ஸ்டாட் 1975-ல் பாடிய வடிவத்தில் அந்த மூன்றாவது சரணமே கிடையாது. பாடகி விட்னி ஹூஸ்டனுக்காக இசைத் தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் முதலில் எடுத்துக்கொண்டது லிண்டா பாடியதைத்தான். டாலி சொன்ன பிறகே விடுபட்ட சரணம் வந்து சேர்ந்தது. அதனால் இணையத்தில் கிடைக்கும் வரிகளை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டாம். நீங்கள் பின்பற்றும் வடிவத்தோடு ஒருமுறை சரிபாருங்கள். மூன்றாவது சரணம் இல்லாமல் பாடினால், விட்டுப்போகிறவர் வாழ்த்தாமலே போனதுபோல் ஆகிவிடும்.

பெரும்பாலோர் கேட்பது விட்னியின் 1992 வடிவம். அது 6 கட்டை சுருதியில், அதாவது ஏ மேஜரில் தொடங்கி, கடைசியில் 7 கட்டைக்கு, பி மேஜருக்கு ஏறும். பாடுபவருக்கு எந்தக் கட்டை என்பதைத் தொடக்கத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. கட்டை ஏறிய பிறகு வரும் உச்ச வரியை முதலில் பாடச் சொல்லுங்கள். கழுத்து நரம்பு புடைக்காமல் மூன்று தடவை பாட முடிகிற கட்டையைப் பிடித்து, அதிலிருந்து ஒரு கட்டை இறக்கித் தொடங்குங்கள். 4-ல் தொடங்கி 5-ல் முடித்தால் கிடார்காரருக்கும் வசதி. பல்லவிக்கான நான்கு கார்டுகள் இவை:

6 கட்டை: ஏ, எஃப் ஷார்ப் மைனர், டி, இ. ஏறிய பிறகு பி, ஜி ஷார்ப் மைனர், இ, எஃப் ஷார்ப்.
4 கட்டை: எஃப், டி மைனர், பி ஃப்ளாட், சி. ஏறிய பிறகு ஜி, இ மைனர், சி, டி.

விட்னி வடிவத்தில் முதல் சரணத்துக்கு வாத்தியமே கிடையாது. பதற்றத்தில் குரல் அரைக் கட்டை ஏறிவிடும். அது பாடும்போது தெரியாது, கீபோர்டு சேரும்போதுதான் தெரியும், கூட்டத்துக்கும் அப்போது தெரிந்துவிடும். பாடுபவரின் ஒரு காதில் இயர்போன் வைத்து, சுருதிப்பெட்டி ஆப்பைச் சன்னமாக ஓடவிடுங்கள். கீபோர்டுகாரர் மிக்ஸரில் தன் சேனலை மியூட் செய்துவிட்டு, ஹெட்போனில் பாடுபவரின் சுருதியைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். விலகியிருந்தால் சேர்வதற்கு முன்பே கட்டையை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனில் திருத்திவிடலாம். கிடாரும் பேஸும் இரண்டாம் சரணத்தில் சேர்ந்தால் போதும், அதற்குள் எந்தக் கட்டை என்று கை காட்டிவிடலாம்.

மூன்றாவது சரணம் முடிந்ததும் எல்லாம் நிற்கும். ஒரு டிரம் அடி விழும், கட்டை ஏறியிருக்கும். ஒத்திகை நேரத்தில் பாதியை இந்த ஒரு இடத்துக்கே கொடுங்கள். அந்த மௌனத்தில் புது சுருதியை யாரும் எடுத்துக்கொடுக்கப் போவதில்லை. அதைப் பாடுபவருக்குப் பழக்க எளிய வழி: பழைய சட்ஜமத்தைப் பிடித்து, சதுஸ்ருதி ரிஷபத்துக்குப் போய், அந்த ரிஷபத்தையே புதிய சட்ஜமமாக நிறுத்தி ச-ப-ச பாடுவது. வார்த்தை இல்லாமல் இது படிந்த பிறகு வரியோடு சேருங்கள்.

அடி எப்போது விழ வேண்டும் என்பதை டிரம்மர் எண்ணி முடிவு செய்யக் கூடாது. பாடுபவர் மூச்சை நிறைத்துக் கையை இறக்கும்போது அடிக்க வேண்டும். ஆக்டோபேடானால் (எலெக்ட்ரானிக் டிரம்) தாளம் போடும் டாமை விடப் பெரிய, ஆழமான டாம் சத்தத்தை ஒரு பேடில் தனியாக வையுங்கள். மௌனம் ஒரு முழு மூச்சளவு இருக்கட்டும். அதற்குள் யாராவது பேஸைத் தட்டிப் பார்த்தாலோ, கீபோர்டுகாரர் சத்தத்தை நீட்டும் சஸ்டெய்ன் பெடலை மிதித்தபடி இருந்தாலோ அந்த இடம் வீண்தான். சில கீபோர்டுகளில் சுரத்தை அழுத்தியபடி டிரான்ஸ்போஸ் மாற்றினால் அந்தச் சுரம் பழைய கட்டையிலேயே நிற்கும். கையை எடுத்துவிட்டு +2 அழுத்துங்கள். கிடாரில் காபோவை (கட்டை ஏற்றும் கிளிப்) நகர்த்த நேரம் கிடைக்காது, ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்தும் பார் கார்டுதான் வழி.

கோயில் திருவிழாவில் கானா பாடிப் பழகியவர்களுக்கு, சர்ச் கொயரில் தனியாக நின்று பாடியவர்களுக்கு, உச்சம் பிரச்சினையே இல்லை. இங்கே திறந்த தொண்டைக்குப் பஞ்சமில்லை. முதல் வரியிலேயே முழுக்குரலையும் கொடுத்துவிடுவதுதான் சிக்கல். அப்படிக் கொடுத்துவிட்டால் கட்டை ஏறும்போது கூட்ட எதுவும் மிச்சமிருக்காது. தொடக்கத்தில் மைக் உதட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும், பேசும் அளவுக்கே குரல் போதும். உச்சத்தில் ஒரு சாண் விலக்குங்கள், ஆனால் மைக் தலை மானிட்டர் (பாடுபவரை நோக்கிய ஸ்பீக்கர்) பக்கம் திரும்பினால் ஊளையிடும். மைக் செட்காரரிடம் எக்கோவை முழுக்க எடுத்துவிட்டு ரிவெர்ப் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். டைல்ஸ் போட்ட கம்யூனிட்டி ஹாலில் சுவரே எதிரொலி கொடுத்துவிடும்.

இடையில் வரும் சாக்ஸபோன் பகுதிக்குக் கீபோர்டின் சாக்ஸ் டோன் எடுபடாது. பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர் கிடைத்தால் அழையுங்கள். அது பி ஃப்ளாட் கிளாரினெட் என்றால், 6 கட்டைப் பாட்டுக்கு அவருக்கு பி மேஜரில் எழுதித் தர வேண்டும். 4 கட்டைக்கு ஜி மேஜர்.

பொது நிகழ்ச்சியானால், பாட்டை மேடையில் பாடுவதற்கான ஐ.பி.ஆர்.எஸ். (பாடல் உரிமைச் சங்கம்) உரிமத்தை ஹால்காரர் எடுத்திருக்கிறாரா, நீங்கள் எடுக்க வேண்டுமா என்று முன்பணம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். தமிழில் வரி எழுதிப் பாட ஆசையிருந்தால் அது வேறு விஷயம். மொழிபெயர்க்கும் உரிமை எழுதியவருடையது, அனுமதி இல்லாமல் பதிவு செய்து வெளியிடக் கூடாது.